கல்லைப் பொறுக்கிவிட்டு அனுப்பிய மண்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய கந்தோரிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கந்தோரின் விழா மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். கையோடு புதிதாக அச்சடித்த மண் வரைபடம் ஒன்றையும் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைக்குக் கிழக்கே, வெயில் பக்கமாகச் சரிந்து இறங்கும் புல்மலைகளுக்கு அதில் செங்கல் நிறம் பூசியிருந்தது. ஓரத்தில் விளக்கம்: கல் நிறைந்த களிமண். ஆழம் குறைவு. வறட்சியில் வெடிக்கும். தேயிலைக்கு ஏற்றதல்ல. முன்பு பயிரிட்டுக் கைவிடப்பட்டது.

எல்லாம் சரியாக இருக்கிறதா ஐயா என்று ஒருவர் கேட்டார்.

சரியாகத்தான் இருக்கிறது, ஓர் எழுத்துக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைவிடப்பட்டதாம்! மலையைக் கைவிட்டால் மலைக்கு என்ன நட்டம்? அது பாட்டுக்கு மானாப்புல்லை வளர்த்துக்கொண்டு நிற்கும். அங்கே கைவிடப்பட்டவர்கள் வேறு. அதைச் சொல்லத் தொடங்கினேன், பிள்ளைகளுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே எழுதுகிறேன். மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

நான் றொசல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, பிறகு ஹட்டனில் கொஞ்சம் படிப்பு. நாடு சுதந்திரம் பெற்ற கையோடு, இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள் அல்லவா, அதற்குச் சற்று முன்னால் மண் ஆய்வுக் கந்தோரில் வெளிக்கள உதவியாளனாக நான் நுழைந்துவிட்டேன். பின்னால் வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். குழி வெட்ட, மண் எடுக்க, பையில் கட்ட, சீட்டு ஒட்ட என்று முதல் சில வருடம் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது நல்லதம்பி சேரைப் பற்றி. யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு மேலதிகாரி. மலையேறும்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். ஆனால் குழிக்குள் இறங்குமுன் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு வெறுங்காலோடுதான் இறங்குவார். மண்ணைக் காலாலும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. தோட்டத்தை நடத்தும் தொரைமார் பங்களாவில் தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம் என்பார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணையும் சம்பலையும் ஜீப்பின் நிழலில் குந்தியிருந்து சாப்பிடுவார். குடித்த கையால் கையெழுத்து வைக்கக்கூடாது என்று ஒரு கொள்கை. என்னை 'நீர்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். தோட்டத்து ஆட்களை மொத்தமாகச் 'சனம்' என்பார். கெட்ட மனிதர் அல்ல. எங்கள் ஆட்களைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

ஒரு தடவை கொத்மலைப் பக்கம் குழி வெட்டினோம். கறுத்து, பொலபொலவென்று, ஆள் உயரத்துக்கும் கல் தட்டாத மண். நான் வாய் சும்மா இராமல் "நல்ல மண் சேர்" என்றேன். மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார்.

"நல்லது எண்டால் எதுக்கு நல்லது? தேயிலைக்கோ, நெல்லுக்கோ, சட்டி பானை செய்யவோ? மண்ணுக்குக் குணம் இருக்குது. நல்லது கெட்டது நாங்கள் வைக்கிற பேர். இனி அந்தச் சொல்லை என்ர காதில போடாதேயும்."

அதற்குப் பிறகு நான் போடவில்லை. அவர் வேலை செய்யும் முறையும் அப்படித்தான், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. குழியின் ஒரு சுவரில் வெயில் நேராக விழும்படி வெட்டச் சொல்வார். மண்வெட்டி பட்ட வழுவழுப்பு போகும் வரை அந்தச் சுவரைச் சிறு கத்தியால் கொத்திக் கொத்தி விடுவார். மண் எடுக்கும்போது அடியிலிருந்து மேலே வருவார். மேலிருந்து எடுத்தால் உதிர்கிற மண் கீழ் மண்ணில் கலந்துவிடும் அல்லவா? ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, போத்தல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைந்து, திரியாக உருட்டி, வளையமாக வளைப்பார். வளையம் உடையாவிட்டால் களி. சிலர் எச்சில் தொட்டுப் பிசைவார்கள், அவருக்கு அது பிடிக்காது.

உடப்புசல்லாவைக்கு அப்பால் உள்ள அந்தப் புல்மலை மண்ணை நான் முதலில் தொட்டது இப்போது சொல்லப்போகும் விவகாரத்தில்தான். ஹட்டன் பக்கம் மழையைப் பிழிந்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி வருகிற காற்று அங்கே காய்ந்து போய் வருகிறது. மாதக்கணக்கில் அந்தக் காற்று வீசும். மண்ணைப் பார்த்தால் மண்ணே தெரியாது, மேலெல்லாம் கல் பரவிக் கிடக்கும். முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை, ஓரம் மழுங்காத கூர்க்கல். அதை விலக்கினால் கீழே செம்பழுப்புக் களி. காய்ந்த நேரம் அலவாங்குக் கடப்பாரையைப் போட்டால் மணி அடித்த மாதிரிச் சத்தம் வரும். விரல் நுழைகிற வெடிப்பு, சில இடத்தில் கையே நுழையும். முதல் மழை அந்த வெடிப்பு வழியே ஓடி எங்கோ போய்விடும். அடுத்த மழைக்குள் களி ஊறி, உப்பி, வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் பெய்வதெல்லாம் மேலோடு வழிந்து போகும். ஈரமான நேரம் நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல் ஒட்டிக்கொள்ளும். களிக்குள்ளும் கல்தான், அதற்கும் கீழே இடுப்பளவில் பாறை. அந்த மண் மேல் நிற்கும் புல்லுக்கும் ஆட்டுக்கும் அது போதும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

ஒரு தொரை கேட்டார்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். மேற்பிரிவில் பழைய தேயிலை. கீழ்ப்பிரிவை அங்கே பணியக்கணக்கு என்பார்கள், அதன் அடிவாரம் முழுக்கப் புல்மலை. ஐம்பதுகளின் நடுவில் அங்கே வந்த வெள்ளைக்காரத் தொரை அதற்கு முன் ஹட்டன் பக்கம் மழைத் தோட்டத்தில் இருந்தவர். புல்மலையைப் பார்த்ததும் அவருக்குக் கை அரித்திருக்கிறது. புதுத் தேயிலை போட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பை மண்ணை எங்கள் கந்தோருக்கு அனுப்பினார். களி மண், தண்ணீர் பிடித்துவைக்கும், தேயிலைக்குத் தடையில்லை என்று பதில் போனது. கையெழுத்து நல்லதம்பி சேருடையது.

அதை நம்பி மழைக்காலத்தில் கன்று நட்டார்கள். கன்றும் பச்சையாக நின்றது. காற்று மாதம் வந்ததும் ஓரத்து இலை கருகியது, பிறகு முழுக் கன்றும் கருகியது. பாதி மலைக்கு மேல் போய்விட்டது. தொரை நாலைந்து கன்றைப் பிடுங்கிப் பார்த்தார். ஆணிவேர் மடிந்திருந்தது.

தேயிலை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். குழியை ஆழமாக வெட்டாமல் சோம்பல்பட்டு, வேரை மடக்கித் திணித்து மூடினால்தான் அப்படி மடியும். நட்டவன் கையில் தப்பு என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தோட்டத்தில் கிடையாது. நட்டது பேச்சியம்மாவின் கும்பல், பணியக்கணக்கு லயத்தில் ஆறு குடும்பம். தொழிற்சங்கத்தில் முதலில் சேர்ந்தவர்களும் அந்த ஆறு குடும்பம்தான் என்பதைச் சொல்லிவிட்டேன் என்றால் மற்றதை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். வேண்டுமென்றே வேரை மடக்கித் தோட்டத்தைக் கெடுத்தார்கள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துச் சொல்லி, ஆறு குடும்பத்துக்கும் தொரை பேர் வெட்டினார். மண் நல்ல மண் என்று அரசாங்கமே எழுதித் தந்திருக்கிறது, அப்படியானால் கெட்டது யார் என்று கேட்டாராம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவன் கையில் எங்கள் கந்தோர்க் கடிதம் வேறு இருந்தது.

பேர் வெட்டுவது என்றால் என்ன என்று நல்லதம்பி சேருக்கு ஜீப்பில் போகும்போது நான் விளக்க வேண்டியிருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாமே என்றார். வேலை போனால் லயக்காம்பராவும் போகும் சேர், தோட்டத்துக்கு வெளியே நாட்டுப் பக்கம் ஒரு பிடி நிலம் வாங்க எங்கள் ஆட்களுக்கு உரிமை இல்லை, வேறு தோட்டத்துக்குப் போனால் ஏன் பேர் வெட்டினார்கள் என்று கேட்பார்கள் என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சங்கம் முறையிட்டு, தொழில் கந்தோர் விசாரணை வைத்து, அதற்கு மண்ணைப் பற்றிச் சொல்ல எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். தன் கையெழுத்தைத் தானே உறுதிப்படுத்திவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் அவர் வந்தார் என நினைக்கிறேன்.

புல்மலைக்குப் போய் அந்தக் கல் பரப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பிறகு சப்பாத்தைக் கழற்றினார்.

எங்களுக்குக் குழி வெட்ட ஆள் தருவதாகத் தொரை சொல்லியிருந்தார், ஒருவரும் வரவில்லை. வந்தது பேச்சியம்மாவும் அவர் புருசனும். பேச்சியம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும். தலையில் சாக்குக் கொங்காணியை மடித்துப் போட்டு, வெற்றிலை வாயோடு, அலவாங்கைக் கையில் பிடித்து நின்றார். நான் எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று முதலில் கேட்டார். றொசல்ல என்றேன். அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார், சேரைச் சாமி என்றார்.

நான் கேட்டேன்: "குழி எவ்வளவு வெட்டுனீங்கக்கா?"

"ஒண்ணரை அடி. வேலைய மேல்பார்க்குற கண்டாக்கையா கோலு வச்சுப் பாத்துட்டுத்தான் கன்னைக் கையில குடுப்பாரு. இந்தக் கல்லுல ஒண்ணரை அடி வெட்டப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வேரை மடக்குறதுன்னா எதுக்குத் தம்பி அந்தப் பாடு படணும்?"

நல்லதம்பி சேர் கன்று எதையும் பிடுங்க விடவில்லை. பிடுங்குவதுதான் முதல் தப்பு என்றார். செத்த கன்று ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, பாறை தட்டும் வரை குழி வெட்டச் சொன்னார். பிறகு அந்தக் குழிக்குள்ளிருந்து கன்றின் பக்கமாகச் சுவரைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். வேர் தென்பட்டதும் கத்தியை வைத்துவிட்டார். மலை ஊற்றுப் பீலியின் தண்ணீரைப் பேச்சியம்மா குடத்தில் கொண்டுவர, மெல்ல ஊற்றி ஊற்றி மண்ணைக் கழுவினார். கழுவிய சேறு அவர் காற்சட்டை முழுக்க. எங்கள் மூவருக்கும் தண்ணீர் சுமப்பதே வேலையாகப் போனது, பீலி தூரத்தில் இருந்தது.

வேர் முழுதாக வெளியே வந்தது. ஒன்றரை அடிக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி இறங்கியிருந்தது. நட்டவர்கள் வெட்டிய குழி அதோடு முடிகிறது, அந்த இடத்தில் மண்ணின் நிறமும் மாறுகிறது. அதற்குக் கீழேதான், குழி முடிந்து நாலு விரல் போன பிறகு, ஒரு தட்டையான கல்லில் முட்டி வேர் மடிந்திருந்தது. மடிந்து பக்கவாட்டில் ஓடி ஒரு வெடிப்புக்குள் நுழைந்திருந்தது. வறட்சியில் வெடிப்பு விரிந்தபோது வேர் அறுந்து தொங்கியது. வேறு இடங்களிலும் இதையே செய்தார். எல்லாவற்றிலும் அதே கதை. தொரை பிடுங்கியபோது வேர் மடிந்தது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது, வெட்டிய குழிக்குள்ளா அதற்குக் கீழேயா மடிந்தது என்பது மண்ணோடு போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஜீப்பில் ஏறாமல் நின்று நல்லதம்பி சேர் என்னிடம் ஒன்று கேட்டார். இந்த மலையிலிருந்து கந்தோருக்கு வந்த பையில் கல் இருந்ததா? எனக்கு எப்படித் தெரியும், மண் வாங்குவதும் சலிப்பதும் ஆய்வுகூடத்துக்காரர் வேலை. ஆனால் பதில் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்திருக்காது. தோட்டங்களுக்கு நாங்கள் அனுப்பும் அறிவுறுத்தலிலேயே கல், வேர், குப்பை நீக்கிய சுத்தமான மண்ணை அனுப்பவும் என்று அச்சடித்திருக்கும். அப்படியும் தப்பி வந்த கல்லை ஆய்வுகூடத்தில் சல்லடையில் நிறுத்தி, பின்வாசலால் கொட்டிவிடுவார்கள். கொட்டிக் கொட்டி அங்கே ஒரு நடைபாதையே உண்டாகியிருந்தது. மழை வந்தால் சேறு மிதிக்காமல் எல்லோரும் அதில்தான் நடப்போம்.

இதை யோசித்துப் பாருங்கள். ஹட்டன், கொத்மலை மாதிரி ஆழமான மண்ணுக்கு அது சரி, நூற்றில் ஒரு கல்லைக் கழித்தால் என்ன குறையும்? அந்த மண்களுக்காகச் செய்த முறையை அப்படியே இந்த மலைக்கும் போட்டிருக்கிறார்கள். சல்லடைக்குக் கீழே விழுந்த களியை மட்டும் சோதித்துத் தண்ணீர் பிடிக்கும் என்றார்கள். பிடிக்கும்தான்! ஆனால் அந்த மலையில் களி பாதிகூட இல்லை, மீதி கல். கல் எங்கே தண்ணீர் பிடிக்கும்? படித்தவர்கள் கூடி, தராசு வைத்து, இல்லாத ஒரு மலையைச் சோதித்து அதற்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். அந்தச் சான்றிதழை வைத்து ஆறு குடும்பத்தைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விசாரணை மறுநாள் தோட்டக் கந்தோர் விறாந்தையில் நடந்தது. தொழில் கந்தோர் அதிகாரி நடுவில், தொரை ஒரு பக்கம், சங்கத்துக்காரர் ஒரு பக்கம். ஆறு குடும்பமும் முற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்கு உட்கார இடம் சொல்லவில்லை. அவர்கள் வாழ்க்கையைத்தான் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் நிற்க வேண்டும். நான் உட்காரும் வாங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் போட்டேன். ஒருவரும் உட்காரவில்லை. தொரை முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

நல்லதம்பி சேர் பேசுவதற்கு முன் கொழுந்துத் தராசைக் கொண்டுவரச் சொன்னார். அன்று காலை புல்மலையில் வெட்டிய மண்ணை ஒன்றும் கழிக்காமல் கூடையில் கொண்டுவந்திருந்தோம். எல்லோர் முன்னாலும் கல்லை ஒரு கூடையிலும் மண்ணை ஒரு கூடையிலும் பிரித்துப்போட்டு, ஒன்றன் பின் ஒன்றாகத் தராசில் தொங்கவிட்டார். கல்தான் இழுத்தது.

தொரை சிரித்தார். அங்கே கல் இருப்பது யாருக்குத் தெரியாது, கண் இருந்தால் தெரியுமே என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நல்லதம்பி சேர் அதிகாரியைப் பார்த்து, முற்றத்தில் நின்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னார்: "அந்தக் கடிதத்தில இருக்கிறது என்ர கையெழுத்துத்தான். அது ஒரு பைக்குள்ள இருந்த களியைப் பற்றினது. இந்த மலையைப் பற்றினது இல்லை. பிழை எங்கட முறையில. நட்ட ஆக்களில பிழை இல்லை. வேர் எந்த ஆழத்தில மடிஞ்சது எண்டு வந்து பாருங்கோ, குழி மூடாமல் வைச்சிருக்கிறன்."

ஒரு அதிகாரி, பகிரங்கமாக, பிழை எங்களுடையது என்று சொன்னதை நான் என் வேலைக்காலத்தில் அந்த ஒரு முறைதான் கேட்டேன். எல்லோரும் போய்க் குழியைப் பார்த்தார்கள். தொழில் அதிகாரி குனிந்து பார்த்தார், தொரை நின்றபடி பார்த்தார். நட்டவர்கள் மேல் குற்றமில்லை, பேர் வெட்டியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. லயத்தில் அன்று பூமாலை வாங்கினார்கள். நல்லதம்பி சேர் கழுத்தில் போட வந்தபோது அவர் கூச்சப்பட்டு, மாலையைக் கையில் வாங்கி ஜீப்பில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். சலிப்பு முறையை மாற்ற வேண்டும், கல்லையும் நிறுக்க வேண்டும், வறண்ட சரிவுகளுக்குத் தனி அறிவுறுத்தல் அச்சடிக்க வேண்டும் என்றார். நானும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட களிப்பில் இருந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இனித்தான்.

சில வாரம் கழித்துத் தொரையிடமிருந்து கந்தோருக்கு நன்றிக் கடிதம் வந்தது. உங்கள் அதிகாரியின் தெளிவான ஆலோசனைக்கு நன்றி. அவர் சொன்னபடி நிலம் தேயிலைக்கு ஏற்றதல்ல என்பதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு, புதுத் தேயிலையைக் கைவிட்டு, பணியக்கணக்கையே மூடுகிறது. கந்தோரில் பெரியவர்களுக்கெல்லாம் பெருமை. நம் பேச்சைத் தோட்டம் கேட்டிருக்கிறது! நான் மட்டும் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணக்கை மூடினால் அந்தக் கணக்கில் பேர் பதிந்தவர்கள்? சேரிடம் போய்க் கேட்டேன். அவர் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

தொரை எங்களை மரியாதையாக வரவேற்றார். குற்றம் என்று நான் யாரையும் அனுப்பவில்லையே என்றார். வேலை இல்லை, அவ்வளவுதான். வேலை இல்லாத இடத்தில் ஆளை வைத்துக்கொள்ள முடியுமா? மேற்பிரிவில் ஏற்கெனவே ஆள் அதிகம். நீங்கள் சொன்னதைத்தானே செய்திருக்கிறேன் என்று சொல்லி, தேத்தண்ணிக் கோப்பையை நல்லதம்பி சேர் பக்கம் நகர்த்தினார்.

மேற்பிரிவில் இவர்களைப் போட வழியே இல்லையா என்று சேர் கேட்டார். அது மண் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையே என்றார் தொரை. எங்கள் கந்தோரிலும் பிறகு அதையேதான் சொன்னார்கள். நாம் மண்ணைப் பற்றிச் சொல்பவர்கள், ஆட்களைப் பற்றிச் சொல்வது நம் வேலை அல்ல என்றார்கள். அவர்களைக் குற்றவாளிகள் ஆக்கும்போது நம் கடிதம் ஆட்களைப் பற்றிப் பேசவில்லையா? அப்போது மட்டும் பேசலாமா? இரண்டு முறையும் மண்தான் பேசியது, இரண்டு முறையும் போனது ஆட்கள். சில வருடம் கழித்து இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் கூடி உட்கார்ந்து எங்கள் ஆட்களையே உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டபோது ஊரெல்லாம் அதிர்ச்சி அடைந்தது. எனக்கு அதிர்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் புல்மலையில் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

பங்களாவிலிருந்து இறங்கி வரும்போது பணியக்கணக்கு லயத்தைத் தாண்டித்தான் பாதை. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், மேற்பிரிவில் மாட்டுக் கொட்டிலுக்கு வேண்டுமாம். உள்ளே இன்னும் சில காம்பராவில் அடுப்புப் புகை. ஆறு குடும்பம் மட்டும் இல்லை, லயம் முழுக்க வெளியே நின்றது. அந்த ஆறு குடும்பத்தோடு ஒட்டாமல் விலகி இருந்தவர்கள், தொரைக்குப் பயந்து விசாரணைக்கு வராமல் இருந்தவர்கள், கன்று நடாமல் கொழுந்து மட்டும் எடுத்தவர்கள், எல்லோரும். கொத்மலையில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அங்கே போகிறார்கள். மற்றவர்கள் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த நாட்டை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

நல்லதம்பி சேர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பேச்சியம்மா வாசலில் ஒரு மூட்டையைக் கட்டி முடித்துக்கொண்டிருந்தார். இவர் போய் அவர் முன்னால் நின்றார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அப்படிச் சொல்லவில்லை, நான் இதை நினைக்கவில்லை, அந்த மாதிரி ஏதோ தொடங்கினார், முடிக்கவில்லை.

பேச்சியம்மா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க உண்மையத்தான் சொன்னீங்க சாமி. எங்க மேல தப்பு இல்லைன்னு நாலு பேரு முன்னால சொன்னீங்க, அத மறக்க மாட்டோம். ஆனா ஒண்ணு. நீங்க அன்னைக்கு எங்க மேலதான் தப்புன்னு பொய் சொல்லியிருந்தா ஆறு குடும்பம் மட்டும்தான் போயிருக்கும்."

பேச்சியம்மா சும்மாடு சுற்றித் தலையில் வைத்தார்.

"மூட்டையக் கொஞ்சம் தூக்கி விடுங்க சாமி. வழி தூரம்."

சேர் குனிந்து தூக்கிவிட்டார். பேச்சியம்மா ரோட்டுப் பக்கமாக நடந்தார்.